'நிலையான' மாசா, சிதையாத மாசா?

ஆர்க்டிக் பக்கம் திமிங்கலம், சீல், துருவக்கரடி உடம்புல ஆலை ரசாயனம் சேர்றதைப் பத்தித் தமிழ்ல எழுதுறப்ப "நிலையான இயற்கை மாசுபடுத்திகள்"னு ஒரு தொடர் அடிக்கடி கண்ணுல படுது. மூணு சொல்லுல ரெண்டு தப்பு.

ஆங்கிலத்துல பர்சிஸ்டன்ட் ஆர்கானிக் பொல்யூட்டன்ட்ஸ். பர்சிஸ்டன்ட் லத்தீன் வழி, விடாம நிக்கிறது. ஆர்கானிக்குக்கு மூலம் கிரேக்கத்துல 'கருவி', அப்புறம் உறுப்பு, அப்புறம் உயிர்ப்பொருள். உயிருள்ள உடம்புலதான் உண்டாகும்னு நினைச்ச யூரியாவ 1828-ல ஜெர்மன் வேதியியலாளர் வோலர் ஆய்வுக்கூடத்துலயே செஞ்சு காட்டினாரு, இப்ப வேதியியல்ல ஆர்கானிக்னா கார்பன் சேர்மம், அவ்வளவுதான். 'கரிம'ங்கிற சொல்லு பாடப்புத்தகத்துலயே இருக்கு. ஆலையில செஞ்ச பிசிபிங்கிற (பாலிகுளோரினேட்டட் பைபினைல்) ரசாயனத்த 'இயற்கை'ன்னு எழுதுறவர் டிக்‌ஷனரில முதல்ல கண்ட பொருள அள்ளிப் போட்டிருக்காரு.

அத விடுங்க, 'நிலையான'தான் பெரிய தொல்லை. "வேதியியல்படி அது ஸ்டேபிள்தானே"ன்னு மடக்குவாங்க. ஸ்டேபிள்தான், அதனாலதான் டிரான்ஸ்பார்மருக்குள்ள பிசிபிய ஊத்துனாங்க, ஆனா சஸ்டெய்னபிளுக்கும் இதே சொல்லத்தான் வச்சிருக்கோம், நிலையான வளர்ச்சி நல்லது நிலையான மாசு கெட்டதுன்னா படிக்கிறவன் எத எடுத்துக்குவான், அதுவும் போக நிலையானதுன்னா ஒரே இடத்துல கிடக்குறதுன்னுல்ல காதுல விழுது, இதுவா கிடக்குது? வெப்பமான இடத்துல ஆவியாகி, குளிர்ல படிஞ்சு, மறுபடி கிளம்பி வடக்க போய்ச் சேருது, அங்க மிதவை உயிரி, மீன், சீல், ஓர்காங்கிற கொலையாளித் திமிங்கலம்னு படிக்குப் படி அடர்த்தி ஏறுது, தோலுக்கடியில இருக்குற கொழுப்புல தங்கி தாய்ப்பால் வழியா குட்டிக்கும் இறங்கிடுது (ஆண் ஓர்காவுக்கு வயசாக ஆக அளவு ஏறிக்கிட்டே போக, பாலூட்டுற பெண்ணுக்குக் குறையறது இதனாலதான்).

இவ்வளவு அலைஞ்சும் சிதையாம இருக்கு பாருங்க, அந்தக் குணத்தைத்தான் சொல்லு பிடிக்கணும். 'சிதையாக் கரிம மாசு', துல்லியம் வேணும்னா 'எளிதில் சிதையாத கரிம மாசு'. 'அழியா'ன்னு சிலர் எழுதுறாங்க, அது புகழுக்குச் சொல்றது. 'மக்காத' குப்பையோடயே ஒட்டிக்கிச்சு, பிளாஸ்டிக் பைதான் ஞாபகம் வரும். 'மாசுபடுத்தி'ன்னா மாசுபடுத்துற ஆளா பொருளாங்கிற குழப்பம் வேற, 'மாசு' போதும். இந்த மாசுகளக் கட்டுப்படுத்த நாடுகள் போட்ட 2001 ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் முதல்ல பிடிச்ச 12 ரசாயனம் எல்லாத்துக்கும் இந்தப் பேரு பொருந்தும்.

பிசிபிய மட்டும் தமிழாக்காம விட்டுடுங்க. அதுலயே 209 வகை இருக்கு, பிசிபி-153ன்னு நம்பர் போட்டுத்தான் ஆய்வாளர்களே கூப்பிடுறாங்க.