ஸ்பீக்கர் பெட்டிக்குப் பெயின்டா, வெனீரா? பலகை என்ன சொல்கிறது

கொட்டாஞ்சேனையில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பா 80களில் குவைத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்த ஒரு சோடி ஸ்பீக்கர் வீட்டில் இருக்கிறது. உள்ளே கோன் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது, பாட்டும் குறையில்லாமல் வருகிறது. பெட்டிதான் பார்க்க முடியவில்லை. மூலைகளில் வெனீர், அதாவது பலகைமேல் ஒட்டும் மெல்லிய மரத்தாள், கிளம்பிவிட்டது, பக்கங்களில் நீளவாக்கில் மயிரிழை போல வெடிப்புகள். "பெயின்ட் அடித்துவிடவா, இல்லை உரித்துவிட்டுப் புது வெனீர் ஒட்டவா? பெயின்ட் அடித்தால் சத்தம் செத்துவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார்" என்கிறார்.

சத்தத்தைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். ஒரு பலகையின் விறைப்பு தடிப்பின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். நிறையோ தடிப்புக்கு ஏற்பத்தான் கூடும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், பலகை அதிரும் மீடிறன் தடிப்புக்கு நேர்விகிதம். பெட்டிப் பலகை 18 மில்லிமீற்றர், கடையில் விற்கும் வெனீர் 0.6 மில்லிமீற்றர் அளவு. வெறும் பலகைமேல் ஒரு வெனீர் ஏறினால்கூட மீடிறன் 3 சதவீதம்தான் மாறும். ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு நடுவே உள்ள அரைச் சுரத்தில் அது பாதி. பழைய வெனீரைக் கழற்றிப் புதியதை ஒட்டினால் அந்த மாற்றமும் இல்லை. பெயின்ட் அதைவிட மெல்லியது, மென்மையானது. தேக்கு ஒட்டினால் குரல் இனிக்கும், பெயின்ட் அடித்தால் மரம் மூச்சுவிட முடியாமல் போகும் என்பதெல்லாம் விற்பவர்களுக்கு வசதியான மூடநம்பிக்கை. 2010இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்களின் கண் தெரியாதபடி செய்து, பழைய இத்தாலிய வயலின்களையும் புதிய வயலின்களையும் வாசிக்கக் கொடுத்தார்கள். பெரும்பாலானோரால் எது பழையது என்று சொல்ல முடியவில்லை. ஆகக் குறைவாக விரும்பப்பட்டது, ஸ்ட்ராடிவாரி என்ற புகழ்பெற்ற பழைய இத்தாலியக் கலைஞர் செய்த ஒரு வயலின். வயலினின் உடலே அதிர்ந்து ஒலி தரவேண்டியது. அதிலேயே நிலைமை இப்படி என்றால், அதிரவே கூடாத ஸ்பீக்கர் பெட்டியின் மேல்தோலுக்கு எங்கே மந்திரசக்தி?

சரி, சத்தம் மாறாது. அப்படியென்றால் இரண்டும் ஒன்றுதானே, பிடித்ததைச் செய்யலாமே என்று கேட்கலாம். கொழும்பில் அப்படிச் செய்ய முடியாது. இங்கே முடிவெடுப்பது தண்ணீர்.

மரம் காற்றில் இருந்து நீரை எடுக்கும், திரும்பக் கொடுக்கும், இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். எவ்வளவு என்பதைப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். ஈரப்பதன் 30 சதவீதம் உள்ள அறையில் ஒரு மரத்துண்டை வைத்தால், அதன் காய்ந்த எடையில் 6 சதவீதம் அளவு நீரோடு அமைதியாகிவிடும். 80 சதவீதக் காற்றில் அதே துண்டு 16 சதவீதம் வரை குடிக்கும். முதலாவது குவைத்தின் ஏசி அறை, இரண்டாவது மழைக்காலக் கொழும்பு.

இந்த நீர் எங்கே போய் உட்காருகிறது என்பதுதான் எனக்கு எப்போதும் அலுக்காத இடம். மரத்தின் கலங்கள் நீண்ட வெற்றுக் குழாய்கள். நீர் முதலில் அந்தக் குழிக்குள் போய் நிரம்புவதில்லை, குழாயின் சுவருக்குள் போகிறது. கலச்சுவர் செலுலோசு நுண்ணிழைகளால் ஆனது. அவை பெரும்பாலும் மரம் வளர்ந்த திசையிலேயே, அடுக்கடுக்காக, நெருக்கமாகப் படுத்திருக்கின்றன. இழைகளின் மேற்பரப்பிலும் இடையில் இருக்கும் மற்றப் பொருள்களிலும் ஐதரொட்சில் கூட்டங்கள் நிறைய. நீர் மூலக்கூறு வந்ததும் ஐதரசன் பிணைப்பால் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒன்று பிடிபட்டால் அதற்கு இடம் வேண்டும். இழைகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகும். ஆனால் இழையின் உள்ளே, சங்கிலிகள் இறுக்கமாக அடுக்கப்பட்ட பகுதிக்குள், நீர் நுழைய முடியாது. ஆகவே இழை நீளாது. கட்டிவைத்த ஈர்க்குக் கட்டுக்குள் ஒவ்வொரு ஈர்க்காக மேலும் மேலும் செருகினால் என்ன நடக்கும்? கட்டு பருக்கும், நீளாது. மரமும் அப்படித்தான். பச்சை மரம் முழுதாகக் காயும்போது நீளவாக்கில் 0.1 அல்லது 0.2 சதவீதம் சுருங்கும். குறுக்குவாக்கில் வால்நட் மரம் 7.8 சதவீதம் வரை சுருங்கும்.

குறுக்கிலும் இரண்டு குறுக்கு உண்டு. ஆண்டு வளையங்களின் வழியே சுருங்குவது அதிகம், வளையங்களைக் குறுக்கே வெட்டி நடுத்தண்டை நோக்கிச் சுருங்குவது குறைவு. தேக்குக்கு முதலாவது 5.8, இரண்டாவது 2.5 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்திருங்கள், கடைக்குப் போகும்போது வேலைக்கு வரும்.

இப்படியான எண்களைத் தரும் அட்டவணைகளில் பெரும்பாலானவை அமெரிக்க அரசு 1910இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் தொடங்கிய வனப்பொருள் ஆய்வுகூடத்தில் இருந்து வந்தவை. நூறு வருடத்துக்கு மேலாக வரிப்பணத்தில் மரத்துண்டுகளை நனைத்துக் காயவைத்து அளந்துகொண்டிருக்கிறார்கள். "இதனால் என்ன பயன்" என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் கேட்டிருந்தால் எப்போதோ மூடியிருப்பார்கள். நம் நாடு ஆராய்ச்சிக்குச் செலவழிப்பது மொத்த உற்பத்தியில் கால் சதவீதத்தையும் தொடுவதில்லை. பலாவும் முதிரையும் வேம்பும் நம் வீடுகளில் நம் காற்றில் எப்படி நடந்துகொள்கின்றன என்று இங்கேயே உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் அளக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்குச் சம்பளம் வேண்டும். இது ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் மொறட்டுவையில் ஒரு மழைக்காலத்தில் அலுமாரி வாங்கி, கதவு சாத்த முடியாமல் நிற்கட்டும்.

இனி வாசகரின் பெட்டிக்கு வருவோம். பக்கப் பலகை 25 சென்ரிமீற்றர் அகலம், மேலே வால்நட் வெனீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 சதவீத நீரோடு குவைத்தில் இருந்தது கொழும்பில் 16க்கு ஏறினால், அது தன்பாட்டில் கிடந்திருந்தால் 6 மில்லிமீற்றருக்கு மேல் அகலமாகியிருக்கும். ஆனால் அது தன்பாட்டில் கிடக்கவில்லை. கீழே சிப்போர்ட்டில், அதாவது மரத்துகளை அழுத்திச் செய்த பலகையில், பசையால் பிடிபட்டிருக்கிறது. சிப்போர்ட்டில் துகள்கள் எல்லாத் திசையிலும் கிடப்பதால் அதன் அகலம் மிகச் சிறிதளவே மாறும். வெனீருக்கு விரிய வேண்டும், இடம் இல்லை. அப்போது அது தன் கலங்களையே நசுக்கிக்கொள்கிறது. பசை பலவீனமான மூலைகளில் மட்டும் கிளம்பித் தப்பிக்கிறது. நடுவில் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. வழவழவென்று, புதிது போல இருக்கும்.

நசுங்கிய கலங்கள் முழுதாக மீள்வதில்லை என்பதில்தான் சூட்சுமம். ஜனவரி, பெப்ரவரியில் காற்று கொஞ்சம் காயும், அல்லது அறைக்கு ஏசி பூட்டுவார்கள். வெனீர் சுருங்கத் தொடங்கும். இப்போது அது போக நினைப்பது பழைய அகலத்துக்கு அல்ல, அதைவிடக் குறுகிய அகலத்துக்கு. பசை விடாது. இழுபறியில் வெனீர் நீளவாக்கில் கிழியும். வெடிப்பு கண்ணில் படுவது காய்ந்த நாளில், அதனால் எல்லோரும் ஏசியைத் திட்டுவார்கள். குற்றம் நடந்தது அதற்கு முந்தைய மழையில்.

கீழே இருக்கும் சிப்போர்ட்டின் கதை வேறு. மரத்துகளையும் யூரியா போமல்டிகைட்டுப் பசையையும் கலந்து, 150 பாகைக்கு மேல் சூடான தட்டுகளுக்கு நடுவே அழுத்திச் செய்கிறார்கள். துகள்கள் தங்கள் இயல்பான தடிப்பைவிட மெலிதாக நசுக்கப்பட்டு, அப்படியே பசையில் உறைகின்றன. நீர் போனால் இரண்டு காரியம் நடக்கும்: துகள் மென்மையாகித் தன் பழைய தடிப்புக்கு எழும்பும், வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பசையே மெல்ல உடையும். ஒருமுறை எழும்பிய சிப்போர்ட் காய்ந்தாலும் திரும்ப இறங்காது. கொழும்பு வீடுகளில் இது தொடங்கும் இடம் அநேகமாக ஒன்றுதான்: நிலத்தில் நேரே வைத்த பெட்டியின் அடி விளிம்பு. தினமும் தரை துடைக்கிற தண்ணீர் அங்கே ஊறும்.

ஆகவே முதல் வேலை, பெரிய ஸ்பீக்கரைக் கழற்றி எடுப்பது. வயர் நிறங்களைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டோர்ச் அடித்து, வெட்டிய வட்டத்தின் விளிம்பைப் பாருங்கள். சோற்றுப் பருக்கை அளவில் துகள் தெரிந்தால் சிப்போர்ட். மாவு போல ஒரே சீராக இருந்தால், மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎப் பலகை. அப்புறம் பெட்டியைக் கவிழ்த்து, அடி விளிம்பை நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் நல்லது. நகம் இறங்கி, துகள் உதிர்ந்து கையில் வந்தால், அந்த இடம் போய்விட்டது. அதன்மேல் எதை ஒட்டினாலும் அடித்தாலும் உதிர்கிற மணலின் மேல்தான். உதிர்கிறதைச் சுரண்டி எடுத்து, மெல்லிய எப்பொக்சிப் பசையை ஊறவிட்டு இறுகிய பிறகு புட்டி வைத்துச் சமப்படுத்த வேண்டும். பலகை முழுவதும் அப்படியென்றால் பெட்டியைக் கைவிட்டு, அதே உள் அளவில் பிளைவுட்டில் புதிதாகச் செய்விப்பதே மலிவு.

மேல்தோல் உண்மையில் மரம்தானா என்பதையும் பாருங்கள். அந்தக் காலத்துப் பெட்டிகள் பலவற்றில் மரம் போல அச்சடித்த வினைல் தாள்தான். ஒரே முடிச்சு, ஒரே கோடு இரண்டு இடத்தில் திரும்ப வந்தால் அது அச்சு. வாசகரின் பெட்டியில் நீளவாக்கில் வெடித்திருப்பதால் அது மரமாகவே இருக்க வேண்டும்.

இப்போது தெரிவு. பெயின்டுக்குக் கொழும்பில் ஒரு எதிரி உண்டு: மூட்டு. இரண்டு பலகை சேரும் மூலையில் ஒன்றின் முகமும் மற்றதன் விளிம்பும் பக்கத்தில் பக்கத்தில் வரும். அழுத்திச் செய்த பலகை தடிப்பில் அதிகமாக வீங்கும், அகலத்தில் அநேகமாக வீங்காது. எவ்வளவு வழவழப்பாகத் தேய்த்து, வாகனத்துக்கு அடிக்கும் டூகே பெயின்டையே அடித்தாலும், ஒரு மழைக்காலம் போனபின் சாய்வெளிச்சத்தில் அந்த மூட்டு ஒரு கோடாக எழும்பி நிற்கும். பளபளப்புக் கூடக் கூடக் கோடும் தெளிவு. மேட் பெயின்ட் கொஞ்சம் மன்னிக்கும். வெனீர் தன் ரேகைகளுக்குள் அந்தக் கோட்டை ஒளித்துவிடும். அதனால் விளிம்புகள் கெட்டியாக உள்ள பெட்டிக்கு நான் வெனீர் பக்கம். மூலைகளில் நிறையப் புட்டி வைத்துத் திருத்திய பெட்டிக்குப் பெயின்ட், அதுவும் மேட். எம்டிஎப் விளிம்பில் தண்ணீர் கலந்த பிரைமரை முதலில் அடிக்காதீர்கள், நார் எழும்பும். எண்ணெய்ப் பிரைமர் அல்லது அரக்கில் செய்த ஷெல்லாக் அடியுங்கள்.

எதைச் செய்தாலும் உள்பக்கத்தை மறக்கக் கூடாது. வெளியே பொலிஷும் பெயின்டும் பூசி, உள்ளே வெறும் பலகையாக விடுவதுதான் வழக்கம். குழாய்த் துளை உள்ள பெட்டிக்குள் ஈரக்காற்று தாராளமாகப் போய்வரும். எந்தப் பூச்சும் நீராவியை முற்றாக நிறுத்துவதில்லை, தாமதப்படுத்தும். ஒரு பக்கம் மட்டும் தாமதமானால் மற்றப் பக்கம் முந்திக்கொண்டு வீங்கும், பலகை வளையப் பார்க்கும், மூட்டு இழுபடும். உள்ளே பஞ்சை எடுத்துவிட்டு இரண்டு கை வார்னிஷ் அடித்து, மணம் போகும்வரை திறந்து வையுங்கள். தேய்க்கும்போது முகமூடி கட்டுங்கள், காந்தத்தின் பக்கம் இரும்புத்தூள் அண்டவிடாதீர்கள்.

வெனீர் வாங்கும்போது தேக்கையே கேளுங்கள். மலை போன்ற வளைவுகள் உள்ள தாள் வேண்டாம், நேர்கோடாக ரேகை ஓடும் தாளை எடுங்கள். நேர்கோட்டுத் தாளின் அகலம் நடுத்தண்டை நோக்கிய திசை, 5.8 அல்ல, 2.5. முன்பு சொன்ன 25 சென்ரிமீற்றரில் 6 மில்லிமீற்றருக்கு மேல் முண்டியது இப்போது 2 மில்லிமீற்றர்தான் முண்டும்.

பசைக்கு வெள்ளைப் பசை போதும்: தாளிலும் பலகையிலும் பூசி, கையில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, அயன் பெட்டியால் அழுத்தலாம். கொண்டாக்ட் பசை வேகமானதுதான், ஆனால் மேலே தின்னர் கலந்த லெக்கர் அடித்தால் அந்தத் தின்னர் மெல்லிய தாளை ஊடுருவிப் பசையை இளக்கும், குமிழ் வரும். தச்சு பாஸ் கொண்டாக்ட் பசைதான் வைத்திருக்கிறார் என்றால் லெக்கரை விட்டு எண்ணெய்ப் பொலிஷ் போடச் சொல்லுங்கள். தாளைக் கடையில் இருந்து கொண்டுவந்த அன்றே ஒட்டிவிடவும் வேண்டாம். ஸ்பீக்கர் எந்த அறையில் இருக்கப் போகிறதோ அந்த அறையில், மேலே பாரம் வைத்து ஒரு வாரம் கிடக்கட்டும். ஒக்டோபர் மழையில் ஊறிய தாளை ஒட்டிப் பிறகு ஏசி அறையில் வைத்தால், நசுங்கக்கூடத் தேவையில்லை, நேரே வெடிப்புத்தான். அப்புறம் அடியில் ஒரு சென்ரிமீற்றர் உயரத்துக்கு ரப்பர் கால் நான்கு பூட்டுங்கள். தரை துடைப்பவருக்கும் சொல்லிவையுங்கள்.