பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள்

சிங்கப்பூரில் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு தொண்டூழியர்களோடு வாடகை வீடுகளைச் சீரமைக்கப் போவேன். எல்லார் கையிலும் பெயிண்ட் ரோலர் இருக்கும். டெஸ்டர் யாரிடமும் இருக்காது. சுவர் வெள்ளையானால் படம் எடுத்துப் போடலாம், சுவருக்குள் ஓடும் ஒயரைப் படம் எடுக்க முடியாதே.

போன வருடம் ஓர் ஓரறை வாடகை வீட்டுக்குப் போனோம். மொத்தமே 33 சதுர மீட்டர் இருக்கும், பாட்டி ஒருவர்தான் குடியிருக்கிறார். பெயிண்ட் அடிக்க அலமாரியை நகர்த்தினால், பின்னால் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மல்டிபிளக், அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் ஒயர், அதில் ரைஸ் குக்கர், கெட்டில், காற்றாடி, டிவி, சாமி விளக்கு. பிளக் பாயிண்டின் ஓரம் பொரித்த அப்பளம்போல் பழுத்திருந்தது.

“கொஞ்ச நாளா மீன் வாடை அடிக்குது தம்பி. எலி கிலி செத்துக் கிடக்கோன்னு நினைச்சேன்” என்றார் பாட்டி.

அது எலி இல்லை. சூடேறிய பிளாஸ்டிக் பல நேரம் மீன் வாடைதான் அடிக்கும். மீன் வாங்காத வீட்டில் அந்த வாடை வந்தால் முதலில் சுவிட்சுகளை முகர்ந்து பாருங்கள்.

மெயினை அணைத்துவிட்டுத் திறந்தேன். உள்ளே ஒயரைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து கிடந்தது. விரல் பட்டதும் ஒயர் உறை பொடிப்பொடியாக உதிர்ந்தது. லோடு அதிகம் என்பது உண்மைதான்: 13 ஆம்பியர் பிளக் கிட்டத்தட்ட 3,000 வாட் தாங்கும், அதில் கெட்டிலே 2,000ஐ விழுங்கிவிடும். ஆனால் திருகு தளர்ந்திருந்தால் அளவான லோடிலேயே அந்த இடம் மட்டும் கொதிக்கும். பியூஸும் போகாது, பிரேக்கரும் விழாது. அதனால்தான் கண்ணும் மூக்கும் தேவை.

“ஒரு திருகுதானே அண்ணே, நானே முறுக்கிடவா?” என்று கேட்டார் ஒரு தம்பி. நல்ல பிள்ளை. ஆனாலும் கூடாது. இங்கே வீட்டு ஒயரிங்கில் கைவைக்க எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் வேண்டும். இலவசமாகச் செய்தாலும் சட்டம் அதேதான். போதாக்குறைக்கு வாடகை வீட்டின் ஒயர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்துடையது (வீவக), அவர்களிடம் சொல்லாமல் தொடக்கூடாது. அன்று அந்த பாயிண்டைத் துண்டித்து, குக்கரையும் கெட்டிலையும் சமையலறைக்கு மாற்றிவிட்டு, வீவக கிளை அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வைத்தேன். தொண்டூழியர் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான்: பார்ப்பது, பிளக்கைப் பிடுங்கி வைப்பது, சொல்வது.

அப்புறம் ஆர்சிசிபி. மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் அது. 1985 ஜூலைக்கு முன் கட்டிய சில வீடுகளில் இது இருந்ததில்லை. 2025 ஜூலை 1க்குள் எல்லா வீட்டிலும் பொருத்தியிருக்க வேண்டும் என்பது விதி. பொருத்தினால் மட்டும் போதாது, மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்த வேண்டும். அதன் சுவிட்ச் பட்டென்று கீழே விழுந்தால் நல்லது. விழாவிட்டால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். “அப்ப அமாவாசைக்கு அமாவாசை அழுத்துறேன், மறக்காது” என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

அமாவாசையன்று போன் வந்தது. “தம்பி, அழுத்திட்டேன். டிவி நின்னு போச்சு, காத்தாடியும் நின்னு போச்சு!”

விழுந்த சுவிட்சை மறுபடி மேலே தூக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. அதைவிடப் பெரிய தப்பு, ஆர்சிசிபி இருக்கும் பெட்டி வாசல் கதவுக்கு மேலே இருக்கிறது. “எப்படி எட்டுச்சு பாட்டி?” என்றேன்.

“துடைப்பக் கட்டையாலதான்.”

இப்போது பக்கத்து வீட்டுப் பையன் அமாவாசைதோறும் வந்து அழுத்திவிட்டு, சுவிட்சைத் தூக்கிவிட்டுப் போகிறான். வடை நிச்சயம் என்பதால் தவறுவதே இல்லையாம்.