டிபி டெஸ்டுக்கு முன் பஃபிங் போடாதீர்கள், ப்ளீஸ்

இந்த வாரமும் அதே கதை. ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நாசில் (வெசலில் குழாய் சேரும் வாய்), வேல்டிங் முடிந்து டிபி டெஸ்டுக்கு, அதாவது சிவப்புச் சாயம் அடித்து விரிசல் தேடும் டை பெனட்ரன்ட் சோதனைக்கு வருகிறது, முகம் பார்க்கலாம் போல பஃபிங் போட்டு வைத்திருக்கிறார்கள். "உங்களுக்கு ஈசியா இருக்கட்டும்னுதான் சார்" என்கிறார் சூப்பர்வைசர்.

சிவப்புச் சாயம் உலோகத்தைத் துளைத்துக்கொண்டு போகாது. மேற்பரப்பில் வாய் திறந்திருக்கும் விரிசலுக்குள் மட்டும்தான் இறங்கும். உள்ளே புதைந்த ஸ்லாக்கை, அதாவது வேல்டிங் கசடைக் காட்டாது, அதற்கு ரேடியோகிராபியோ அல்ட்ராசானிக்கோ போங்கள். பஃபிங்கும் முரட்டு கிரைண்டிங்கும் ஷாட் பிளாஸ்டிங்கும் செய்வது என்ன? மேல்தோல் உலோகத்தை இழுத்து அந்த வாயை மூடிவிடும், சுவர் வெடிப்புக்குப் பட்டி பார்த்த மாதிரி. விரிசல் அப்படியே இருக்கும், சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளைப் பூச்சான டெவலப்பரில் ஒரு சிவப்புப் புள்ளிகூட வராது. மூடிய வாயைத் திறக்க ஆசிட்டால் மேல்தோலை அரிக்கும் எட்சிங் வேண்டும், நம் ஷாப்பில் யார் செய்கிறார்கள்? ஸ்லாக்கும் ஸ்பேட்டரும் (தெறித்து ஒட்டிய உலோகத் துளிகள்) போனால் போதும், அப்படியே விடுங்கள்.

சோதித்தாயிற்று என்பதாலேயே விரிசல் இல்லை என்றாகிவிடாது. 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்த டிசி-10 விமானத்தில் 112 பேர் இறந்தார்கள். உடைந்த டைட்டானியம் விசிறி டிஸ்க், அதற்கு முந்தைய பரிசோதனையில் இதே சோதனையின் இன்னொரு வகையான ஒளிரும் சாயத்தில் தேறியதுதான். விரிசல் அப்போதே கண்ணில் படும் அளவில் இருந்தது என்றது விசாரணை.

சரி, வேலைக்கு வருவோம். கிளீனரை நேரே ஸ்ப்ரே அடித்துச் சாயத்தைக் கழுவாதீர்கள், விரிசலுக்குள் போனதும் சேர்ந்து வந்துவிடும். துணியில் நனைத்துத் துடையுங்கள், அதுவும் நூல் விடாத துணி, பனியன் வேஸ்ட் வேண்டாம். பெனட்ரன்ட் (சிவப்புச் சாயம்) அடித்தால் கேனில் போட்டிருக்கும் நேரம் முழுக்கக் காத்திருங்கள், காயவும் விடாதீர்கள். மே மாத வெயிலில் கிடந்த பிளேட்டை நிழலுக்கு இழுங்கள். 52 டிகிரியைத் தாண்டினால் வழக்கமான முறை செல்லாது. டெவலப்பரை மெல்லிசாக அடித்து 10 நிமிடமாவது விட்டுப் பாருங்கள், அடித்த கையோடு "கிளியர்" என்று கத்துகிறவர்கள் தயவுசெய்து என் ரிப்போர்ட்டில் கையெழுத்துக் கேட்காதீர்கள்.

வெசலுக்குள் (மூடிய தொட்டிக்குள்) இறங்கிச் செய்யும் தம்பிகளுக்கு மட்டும் தனியாக: கேன் வாயு தீப்பிடிக்கும், மயக்கமும் வரும். புளோயர் ஓடட்டும், வெளியே ஓர் ஆள் நிற்கட்டும், பக்கத்தில் வேல்டிங் நடந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.