ஆள் கிடைக்கவில்லையா, தங்கவில்லையா?

தொழில் வேகமாக வளரும் பகுதிகளில் ஆலை நடத்துபவர்கள் என்னிடம் முதலில் சொல்வது, "ஆளே கிடைக்க மாட்டேங்குது" என்பதுதான். ஆள் எடுத்துக் கொடுப்பதே என் வேலை. ஆனாலும் இப்போதெல்லாம் உடனே விளம்பரம் எழுத உட்காருவதில்லை. வருகைப் பதிவேட்டைக் கேட்கிறேன். ஆறு மாதத்தில் சேர்ந்தவர்களில் இன்று யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் பெயராக டிக் அடித்துப் பார்த்தால், பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு ஆலையில் இரண்டாம் ஷிப்டுக்குச் சேர்ந்த பெண்கள் பத்துப் பதினைந்து நாளில் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். சம்பளம் போதவில்லை போல என்றது நிர்வாகம். போனவர்களைப் போனில் கூப்பிட்டுப் பேசினேன். ஷிப்ட் முடிவது பத்து மணிக்கு. கடைசிப் பேருந்து ஒன்பதே முக்காலுக்கு. "தினமும் யாராவது வந்து கூட்டிட்டுப் போக முடியுமா சார்?" என்று கேட்டார் ஒருவர். ஷிப்டை அரை மணி நேரம் முன்னதாகத் தொடங்கி முன்னதாகவே முடித்தோம். அப்புறம் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் தங்கினார்கள்.

இது புதிய பிரச்சினை அல்ல. 1913-இல் ஃபோர்டு கார் ஆலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே ஆண்டில் 50,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் வேலை நேரத்தை ஒன்பதிலிருந்து எட்டு மணி நேரமாகக் குறைத்து, நாளொன்றுக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள். வேலையை விட்டுப் போவது மளமளவெனக் குறைந்தது.

சம்பளம் முக்கியம்தான். ஆனால் பக்கத்து ஆலை ஆளை இழுப்பதற்காக மட்டும் கூட்டினால், ஆள் பற்றாக்குறை அங்கே போகுமே தவிர, அந்தப் பகுதியில் வேலைக்கு வருபவர்களின் எண்ணிக்கை ஒன்றுகூட அதிகரிக்காது. சிறு குழந்தை இருப்பதால் வீட்டில் இருக்கும் தாய்மார்கள் வரவேண்டுமென்றால் குழந்தைகள் காப்பகம் வேண்டும், நான்கு மணி நேர ஷிப்ட் வேண்டும்.

இன்னொன்று, வேலை வாங்கித் தரும் ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கும் கமிஷன். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 181-ஆம் உடன்படிக்கை (1997) சொல்லும் பொது விதி. கடன் வாங்கிக் கமிஷன் கட்டி வருபவர், கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும் இடத்துக்குப் போகத்தான் பார்ப்பார். அந்தச் செலவை ஆலையே ஏற்கட்டும்.

போன மாதம் வேலையை விட்டவர்களில் மூன்று பேரை இந்த வாரம் கூப்பிட்டுப் பேசுங்கள். அவர்களுடைய சூப்பர்வைசரைப் பேசச் சொல்லாதீர்கள். அவரிடம் உண்மையான காரணத்தைச் சொல்லத் தயங்குவார்கள்.