பழைய கம்ப்யூட்டர் எந்தப் படியில் நிற்கிறது?

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, முன்பக்கத்துப் பச்சை விளக்கும் எரிகிறது, மொனிட்டர் மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய டெஸ்க்டொப் இருக்கிற திருகோணமலை வீடுகளில் மாரி தொடங்கியதும் இது வழமையான முறைப்பாடு. கடைக்குக் கொண்டுபோனால் “போர்ட் போயிட்டுது, புதுசா எடுங்கோ” என்று ஒரே வரியில் முடித்துவிடுவதும் உண்டு. பலவேளை போர்ட், அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கிற மதர்போர்ட், போயிருக்காது.

கம்ப்யூட்டர் எழும்புவது ஒரே செயல் இல்லை. ஒன்று முடிந்தால்தான் அடுத்தது தொடங்கும். எதுவரை வந்து நின்றது என்று கவனித்தால், பழுது எங்கே என்பது பாதி பிடிபட்டுவிடும்.

முதலாவது மின்சாரம். நாம் அழுத்துகிற பொத்தானில் 230 வோல்ட் ஓடுவதில்லை. இன்டெல் 1995இல் கொண்டுவந்த, ஏடிஎக்ஸ் என்கிற போர்ட், பவர் சப்ளை அமைப்பில், பிளக் செருகியிருக்கும் மட்டும் பவர் சப்ளை சிறியதொரு 5 வோல்ட்டை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கும். பொத்தானை அழுத்தியதும் மதர்போர்ட் சப்ளையிலிருந்து வருகிற பச்சை வயரைக் கறுப்பு வயரோடு சேர்க்கும். அப்போதுதான் 12, 5, 3.3 வோல்ட்டுகள் கிளம்பும். அவை தளும்பாமல் நின்றதும், அரை விநாடிக்குள், சாம்பல் நிற வயரில் ‘எல்லாம் சரி’ என்றொரு சைகை போகும். அது வராமல் புரொசெசர் ஒரு கட்டளையைக்கூடத் தொடாது. விசிறி அரைச் சுற்றுச் சுற்றிவிட்டு நின்றால் பழுது இந்தப் படியில்தான்: எங்கோ ஷோர்ட், அல்லது சப்ளை களைத்துவிட்டது.

சப்ளை எப்படிக் களைக்கிறது? மதர்போர்டிலும் சப்ளைக்குள்ளும் சின்ன உருளைகளாக நிற்கின்றனவே, அந்தக் கெப்பாசிட்டர்கள்தான் காரணம். கூரைத் தண்ணீர்த் தாங்கி குழாய்க்கு ஒரே அழுத்தத்தில் தண்ணீர் விடுவதுபோல, அவை ஏறி இறங்கும் மின்னோட்டத்தைச் சமப்படுத்துகின்றன. உள்ளே இருப்பது ஒரு திரவம். வெப்பத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக வற்றும். வெப்பம் 10 பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலாளர் வைத்திருக்கிற கணக்கு. திரவம் வற்றினால் உள்தடை கூடும், மின்னோட்டம் தளும்பும். சூடேறினால் அந்தத் தடை சற்றுக் குறையும். காலையில் முதல் தடவை எழும்பாத மெஷின் நாலாவது தடவை எழும்புகிறதே, அது இதனால்தான். கெப்பாசிட்டர் மூடியின் மேல் கீறியிருக்கும் சிலுவைக் கோடு தட்டையாக இல்லாமல் புடைத்திருந்தால், அல்லது அங்கே மண்ணிறக் கசிவு காய்ந்திருந்தால், ஆள் முடிந்தது. 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வந்த போர்டுகளில் இது தொற்றுநோய் மாதிரிப் பரவியிருந்தது. மாற்றலாம், சோல்டரிங் தெரிந்தவருக்குச் சின்ன வேலை. ஆனால் பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் நீங்களாகத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

மின்சாரம் சரியென்றால் புரொசெசர் விழிக்கும். அதற்கு விண்டோஸும் தெரியாது, ஹாட் டிஸ்க்கும் தெரியாது. நினைவக முகவரிகளில் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே போய், அங்கே என்ன கட்டளை இருக்கிறதோ அதை எடுக்கும். அந்த முகவரியில், கம்ப்யூட்டரை எழுப்பும் முதல் நிரல் இருக்கிற பயோஸ் சிப் தெரியும்படி போர்டை அமைத்திருக்கிறார்கள். இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்றுண்டு: அந்த நேரம் ராம், அதாவது வேலை நடக்கும்போது தரவை வைத்திருக்கும் நினைவகம், இன்னும் பாவனைக்கு வந்திருக்காது. ராமைத் தயார்ப்படுத்தும் நிரலே ராம் இல்லாமல் ஓடியாக வேண்டும். அதற்காகப் பயோஸ் புரொசெசருக்குள் இருக்கும் கேஷ் என்கிற சிறிய நினைவகத்தைத் தற்காலிகமாகக் கடன் வாங்கிக்கொள்கிறது. ராம் பதில் சொல்லாவிட்டால் திரையில் ஒரு எழுத்தும் வராது. பீப் சத்தத்தால்தான் கத்த முடியும். அவார்ட் கம்பனியின் பயோஸில் ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் கிராபிக்ஸ் கார்ட். நீளமாகத் திரும்பத் திரும்ப வந்தால் ராம். கம்பனிக்குக் கம்பனி இது மாறும், போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

ராமில் நின்றுவிட்டால், நம் ஊரில் முதல் சந்தேகம் உப்பின் மேல்தான் விழ வேண்டும். டிடிஆர்3 ராமின் அடி விளிம்பில் 240 தொடுமுனைகள். மேலே பூசிய தங்கம் கறளாவதில்லை, ஆனால் பூச்சு மிக மெல்லியது, கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ளது. கடற்காற்றில் வருகிற உப்புத் தூசி அதன்மேல் படிகிறது. ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். ஆக, கச்சான் காற்று வீசும் வறண்ட மாதங்களில் பொடியாகச் சும்மா கிடந்தது, வாடைக்காற்றின் மாரி தொடங்கியதும் உப்புநீர்ப் படலமாகி, துளைகள் வழியே கீழேயுள்ள நிக்கலையும் செம்பையும் அரிக்கிறது. உப்புவெளியில் கடற்கரையோரம் இருக்கிற மச்சான் வீட்டு மெஷினைத் திறந்தபோது ராமின் ஒரு மூலையில் கடுகு அளவில் பச்சைப் புள்ளிகள் இருந்தன. செம்பு அரித்த அடையாளம். “இவ்வளவுதானா அண்ணை?” என்றான். இவ்வளவேதான். ஒரு முனை தொடாவிட்டாலும் மெஷின் எழும்பாமல் போகலாம்.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். தேங்கிய மின்சாரம் வடியட்டும். பெட்டியின் இரும்பை ஒருமுறை தொடுங்கள். இரு பக்கக் கொக்கிகளையும் விலக்கி ராமை எடுத்து, வெள்ளை அழிறப்பரால் தங்க விளிம்பை மெதுவாகத் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் தங்கமும் போகும். அரத்தாளைக் கிட்டவும் கொண்டுவர வேண்டாம். தூளை ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த துணியால் எடுத்து, காய்ந்த பின் ஒரு ராமை மட்டும், கொக்கிகள் ‘டக்’கென்று பூட்டும் வரை அழுத்திச் செருகுங்கள். எழும்பாவிட்டால் அடுத்த துளையில் போட்டுப் பாருங்கள்.

திரை வந்து, திகதி பல வருடம் பின்னால் போயிருந்தால், போர்டிலுள்ள 3 வோல்ட் சிஆர்2032 பற்றரி இறந்துவிட்டது. பிளக் செருகியிருக்கும்போது கடிகாரம் சப்ளையின் 5 வோல்ட்டில் ஓடும், கழற்றினால்தான் பற்றரியைத் தின்னும். இடி மின்னலுக்குப் பயந்து பிளக்கைக் கழற்றிவைக்கிற நம் வழக்கம் நல்லதுதான், பற்றரிக்கு மட்டும் செலவு. திகதி பிழைத்தால் பல இணையத்தளங்கள் திறக்காது. பற்றரியோடு பயோஸில் சேமித்த அமைப்புகளும் அழிந்து, டிஸ்க்கோடு பேசும் முறை ஏஎச்சிஐயிலிருந்து பழைய ஐடிஈக்கு மாறிப்போனால் விண்டோஸ் நீலத் திரையோடு விழும். பலர் இதைப் பார்த்துவிட்டு விண்டோஸை அழித்துப் போடுகிறார்கள், அநியாயம்.

கடைசிப் படி டிஸ்க். பயோஸ் அதன் முதல் 512 பைட்டை வாசித்து, கடைசி இரண்டும் 55, ஏஏ என்று இருக்கிறதா என்று பார்க்கும். பழைய முறை இதுதான். மறந்து செருகிவிட்ட பென் டிரைவை முதலில் வாசித்துவிட்டு ‘ஒப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை’ என்று நிற்பதும் உண்டு, அதைக் கழற்றினால் சரி. மின்வெட்டு நடுவில் வந்து எழுத்து பாதியில் நின்ற டிஸ்க்கும் இப்படிச் சொல்லும். பென் டிரைவிலிருந்து லினக்ஸ் எழும்புகிறதா என்று பாருங்கள். எழும்பினால் போர்ட், ராம், புரொசெசர் மூன்றும் சரி. டிஸ்க்கை மட்டும் பார்த்தால் போதும்.

டிஸ்க் ‘டிக், டிக்’ என்று தட்டினால் மட்டும் பரிசோதனை வேண்டாம். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிற தலை அது; பழுதான தலை ஒவ்வொரு தடவை போட்டுப் பார்க்கும்போதும் தட்டைச் சுரண்டக்கூடும். வயரைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளிருக்கும் படங்களுக்காகத் தரவு மீட்பவரிடம் காசு செலவழிப்பதா, விட்டுவிடுவதா என்று வீட்டில் முதலில் கதைத்து முடிவெடுங்கள்.