ஆய்வு வரம்பு: 'குறிப்பு விதிமுறைகள்' ஏன் பிழை?

பாளையங்கோட்டையில் கடலோர ஊர்க்காரர்களுக்காக நடந்த ஒரு கூட்டத்தில் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். வெளியுறவுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு எதையெல்லாம் ஆய்வுக்கு எடுக்கும், அதற்கு எப்படி மனு எழுதலாம் என்று சொல்லும் தாள். நோக்கம் நல்லது. ஆனால் நடுவில் தடித்த எழுத்தில் ஒரு தலைப்பு: 'குழுவின் குறிப்பு விதிமுறைகள்'. பக்கத்தில் இருந்த இடிந்தகரை மீனவர் ஒருவர் அதை வாசித்துவிட்டு என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, நம்ம மனுவ எடுக்கக் கூடாதுன்னு விதி எதுவும் போட்டிருக்கானோ?"

விதி எதுவும் போடவில்லை. போட்டது மொழிபெயர்ப்பாளர். ஆங்கிலத்தில் 'டெர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்' என்று இருந்ததை ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாக மாற்றியிருக்கிறார். விசாரணை ஆணையம், நிபுணர் குழு, கடன் திட்டம், எது பற்றிய செய்தியானாலும் இப்போது இந்தச் சொற்றொடர் வந்து நிற்கிறது. கைப்பேசி மொழிபெயர்ப்பும் இதையே தருகிறது. இதற்கு மேலும் பொறுத்துப் போவது சரியில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் வேர். 'டெர்ம்' என்பது 'டெர்மினஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொருள்: எல்லை. ரோமானியர்கள் எல்லைக்கல்லுக்கே அந்தப் பெயரில் ஒரு தெய்வத்தை வைத்து வணங்கினார்கள். 'ரெஃபரன்ஸ்' என்பதும் லத்தீன் வழி. திருப்பிக் கொண்டுபோதல் என்பது அடிப்படைப் பொருள். ஒரு சபை ஒரு விஷயத்தைக் குழுவிடம் கொண்டுபோய் ஒப்படைக்கிறது அல்லவா, அந்த ஒப்படைப்புதான் இங்கே 'ரெஃபரன்ஸ்'. ஆக, ஒப்படைத்த வேலையின் எல்லைகள். இவ்வளவுதான் அந்தச் சொற்றொடர்.

இதில் 'குறிப்பு' எங்கே வந்தது? புத்தகத்தின் கடைசியில் வரும் நூற்பட்டியலுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டார்கள். 'விதிமுறைகள்' எங்கிருந்து? வங்கிப் படிவத்தின் அடியில் வருகிற 'விதிமுறைகளும் நிபந்தனைகளும்' என்பதிலிருந்து. சொற்றொடரின் இரண்டு பாதியும் வேறு வேறு இடத்திலிருந்து வந்தவை. இரண்டுமே இங்கே பொருந்தாதவை.

இதற்கு ஆதரவாகப் பேசுகிறவர்களும் உண்டு. தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற நண்பர் ஒருவர் வாதாடினார்: "குறித்தல் என்றால் சுட்டுதல். 'இதைக் குறித்து ஆராய்க' என்கிறோமே, அந்தக் குறிப்புதானே இது?" இலக்கணப்படி அவர் சொல்வதற்கு இடம் இருக்கிறது. ஆனால் வாசிக்கிறவர் காதில் அப்படி விழாது. சமையல் குறிப்பு, மருத்துவக் குறிப்பு, அடிக்குறிப்பு, சாதகக் குறிப்பு, ஆசிரியர் குறிப்பு என்று சிறு தகவல் என்ற பொருளில் அந்தச் சொல் நன்றாக வேரூன்றிவிட்டது. அதை இழுத்து வந்து 'ஒப்படைப்பு' என்று புரிந்துகொள் என்றால் யாருக்குப் புரியும்? புரிந்தவர் இருந்தால், அவர் ஆங்கிலம் தெரிந்தவராகத்தான் இருப்பார். ஆங்கிலம் தெரிந்தவருக்கு மட்டும் விளங்கும் தமிழை யாருக்காக எழுதுகிறோம்?

'விதிமுறை' இன்னும் மோசம். விதிமுறை என்றால் எப்படி நடக்க வேண்டும் என்பது. எத்தனை பேர் வந்தால் கூட்டம் நடத்தலாம், சாட்சியை எப்படி அழைப்பது, அறிக்கையை யாரிடம் கொடுப்பது, இவை விதிமுறை. மக்களவைக்கு நடைமுறை விதிகள் என்று தனி நூலே இருக்கிறது. குழு எதை ஆராய வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்பது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் அந்த மீனவருக்கு வந்த சந்தேகம் எல்லோருக்கும் வரும்.

அந்தச் சந்தேகம் ஏன் எனக்கு இவ்வளவு உறுத்துகிறது என்றால், நிலைக்குழு விஷயத்தில் இந்த வேறுபாடுதான் உயிர்நாடி. துறைசார் நிலைக்குழுக்கள் 1993இல் 17 ஆகத் தொடங்கி 2004இல் 24 ஆயின. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர், ஆக 31 உறுப்பினர்கள். அமைச்சர்களுக்கு இடம் இல்லை. துறையின் மானியக் கோரிக்கைகள் (ஆண்டுச் செலவுக்குச் சபையிடம் பணம் கேட்பவை), அனுப்பப்படும் மசோதாக்கள், ஆண்டறிக்கைகள், சபையில் வைக்கப்பட்டுத் தங்களுக்கு அனுப்பப்படும் நீண்டகாலக் கொள்கை ஆவணங்கள், இவற்றை ஆராய்வது வேலை. கூடவே ஒரு தடை: அமைச்சகத்தின் அன்றாட நிர்வாகத்துக்குள் போகக் கூடாது. இதுதான் சபை போட்டுக் கொடுத்த பெரிய வரம்பு.

அந்தப் பெரிய வரம்புக்குள் எந்தப் பொருளை எடுப்பது என்பதைக் குழுவே முடிவு செய்கிறது. குழு ஆண்டுதோறும் புதிதாக அமைக்கப்படுவது வழக்கம். அமைந்ததும் தொடக்கக் கூட்டங்களில் ஆய்வுப் பொருள்களின் பட்டியல் மேசைக்கு வரும். உறுப்பினர்கள் தங்கள் பக்கத்திலிருந்து சொல்லுவார்கள். செயலகமும் பட்டியல் தயாரிக்கும். பேசி முடிவான பிறகு அமைச்சகத்திடம் பின்னணித் தகவல் கேட்பார்கள், கேள்விப் பட்டியல் அனுப்புவார்கள், அதிகாரிகளை அழைத்து வாய்மொழிச் சாட்சியம் வாங்குவார்கள். நாட்டின் பாதுகாப்புக்கோ நலனுக்கோ கேடு என்றால் ஆவணத்தைத் தர அரசு மறுக்கலாம். வெளியுறவில் இது மற்றத் துறைகளைவிடப் பெரிய விஷயம். எதை எடுத்தால் தகவல் கிடைக்கும் என்பதையும் பார்த்துத்தான் ஆகவேண்டும். அறிக்கை வந்தபின் அதன் பரிந்துரைகளுக்கு அரசு கட்டுப்பட்டதல்ல. ஆனால் என்ன நடவடிக்கை எடுத்தது என்று பதில் சொல்ல வேண்டும்.

தேர்ந்தெடுத்த பொருளுக்கும் ஒரு வரம்பு உண்டு. இந்தியாவில் அது பெரும்பாலும் தலைப்பிலேயே அடங்கிவிடும். சசி தரூர் தலைமையில் 2018இல் வந்த அறிக்கையைப் பாருங்கள். தலைப்பு இந்தியச் சீன உறவு என்று நிற்கவில்லை. டோக்லாம், எல்லை நிலவரம், பன்னாட்டு அமைப்புகளில் ஒத்துழைப்பு ஆகியவை உள்பட என்று நீள்கிறது. முந்தைய ஆண்டு டோக்லாமில் 2 நாட்டுப் படைகளும் 73 நாள் எதிரெதிரே நின்றதால் அந்த இடப்பெயர் தலைப்புக்குள் வந்தது. எதைச் சேர்க்கிறோம் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. பிரிட்டனில் இதைத் தனியாக எழுதி வெளியிடுவார்கள். அங்கே 1979 முதல் துறைக்கொரு தெரிவுக் குழு இருக்கிறது. வெளியுறவுக் குழு ஓர் ஆய்வைத் தொடங்கும்போதே, இன்னின்ன கேள்விகளுக்கு விடை தேடுகிறோம், எழுத்துச் சாட்சியம் அனுப்பலாம் என்று பட்டியலைப் பொதுமக்கள் முன்னால் வைத்துவிடும். அந்தப் பட்டியலுக்குத்தான் ஆங்கிலத்தில் இந்தப் பெயர். 'விதிமுறை' என்று மொழிபெயர்த்தால் கேள்விப் பட்டியல் என்பதே மறைந்துபோகும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ஈரானில் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்த இடிந்தகரைக்காரர்கள் 28 பேரை 2024 செப்டம்பரில் பஹ்ரைன் கடற்காவல் படை பிடித்தது. 'அந்த 28 பேரை மீட்டுத் தாருங்கள்' என்று அப்போது நிலைக்குழுவுக்கு எழுதியிருந்தால், அது தூதரகமும் அமைச்சகமும் அன்றைக்கு அன்றே செய்ய வேண்டிய வேலை. குழுவின் வரம்புக்குள் வராது. 'வளைகுடாவில் மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கு என்ன பாதுகாப்பு, ஒப்பந்தம் எப்படி, தூதரகம் எவ்வளவு சீக்கிரம் உதவுகிறது' என்று எழுதினால் அது வரம்புக்குள் வரும். உவரியிலோ கூட்டப்புளியிலோ உட்கார்ந்து மனு எழுதுகிறவருக்கு இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும், அவர் மனு உரிய இடத்துக்குப் போகும். ஒரு நல்ல சொல் அந்த வித்தியாசத்தைத் தானே சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சொல் 'ஆய்வு வரம்பு'.

வரம்பும் வரப்பும் ஒன்றுதான். சிலப்பதிகாரத்தின் வேனிற்காதை 'நெடியோன் குன்றமும் தொடியோள் பௌவமும் தமிழ்வரம்பு அறுத்த தண்புனல் நல்நாட்டு' என்று தொடங்குகிறது. வேங்கடமும் குமரிக்கடலும் தமிழுக்கு எல்லை வகுத்த நாடு. வரம்பு அறுத்தல் என்றால் இன்னதுவரை என்று தீர்மானித்தல். ஒரு குழுவுக்கு வேலையை வகுத்துக் கொடுப்பதும் அதே செயல்தான். லத்தீனின் எல்லைக்கல்லும் நம் வரம்பும் ஒரே கருத்தில் வந்து நிற்கும்போது 'குறிப்பு' பக்கம் போக வேண்டிய தேவை என்ன?

வரம்பு என்றால் தடுப்பது மட்டும்தானே, ஆங்கிலத் தொடரில் 'இதைச் செய்' என்ற கட்டளையும் இருக்கிறதே என்று ஒரு மறுப்பு வரும். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போக நெல்லும் பார்த்த யாரும் இதைச் சொல்லமாட்டார்கள். வரப்பு அடுத்த வயலுக்கு நீர் போகாமல் தடுக்கிறது. தன் வயலில் நீரைத் தேக்கியும் வைக்கிறது. இரண்டும் அதன் வேலை.

'ஆய்வு வரையறை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். வேரைப் பார்த்தால் அதிலும் குறையில்லை; வரை, அறு என்ற இரண்டும் உள்ளே இருக்கின்றன. ஆனால் பள்ளிப் பாடநூல்கள் 'வரையறை' என்பதை இலக்கணம் கூறுதல் என்ற பொருளில் பழக்கிவிட்டன. விசையின் வரையறை, முக்கோணத்தின் வரையறை என்று படித்து வந்தவருக்கு, ஆய்வு வரையறை என்றதும் 'ஆய்வு என்றால் என்ன' என்பதற்கான விடைதான் தோன்றும். அதனால் அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். 'அதிகார வரம்பு' என்பதோ வேறு சங்கதி. அது ஒரு நீதிமன்றமோ காவல் நிலையமோ எதுவரை செல்லும் என்பது. அதை இங்கே கொண்டுவந்து குழப்பக் கூடாது.

நான் தனித்தமிழ் பிடிவாதக்காரன் இல்லை. கமிட்டி என்று சொல்லட்டும், மசோதா என்று சொல்லட்டும், எனக்கு வருத்தமில்லை; ஊருக்கே புரிகிற சொற்கள் அவை. 'நிலைக்குழு' என்று ஆக்கியவருக்கு நான் நன்றி சொல்வேன். 'ஸ்டாண்டிங் கமிட்டி' என்ற ஆங்கிலத்தின் 'நிற்கும்' என்ற வினையைப் பிடித்துக்கொள்ளாமல், நிலைத்து இருப்பது என்ற கருத்தைப் பிடித்தார். 'வெளியுறவு' என்பதும் அப்படிப்பட்டதுதான். ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'வெளிவிவகாரம்' என்று வரும்; விவகாரம் என்றால் எங்கள் பக்கத்தில் தகராறு. உறவு என்று மாற்றியதில் பொருளும் தெளிந்தது, தொனியும் நன்றாயிற்று. அந்தத் தலைமுறை மொழிபெயர்ப்பாளர்கள் வாக்கியத்தை முழுக்க வாசித்துவிட்டு, இது என்ன வேலை செய்கிறது என்று கேட்டுவிட்டுச் சொல் தேடினார்கள். இன்றைக்குப் பெரும்பாலும் கருவி கொடுத்ததை ஒட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். கூலி குறைவு, நேரம் குறைவு என்பது உண்மை. அதற்காக, மனு எழுத வந்தவரை விதி காட்டிப் பயமுறுத்தும் ஒரு சொல்லை விட்டுவைக்க முடியாது.

பயன்பாட்டில் சில வடிவங்கள் தேவைப்படும். நாடாளுமன்றக் குழு என்றால் ஆய்வு வரம்பு. நீதிபதி தலைமையில் அமையும் ஆணையம் என்றால் விசாரணை வரம்பு. மாநகராட்சி ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு வேலை கொடுக்கிறது என்றால் பணி வரம்பு. 'வரம்புக்கு உட்பட்டது', 'வரம்புக்கு அப்பாற்பட்டது', 'வரம்பை விரிவுபடுத்தியது' என்று வினையோடு சேர்த்தும் எழுதலாம், எங்கும் இடறாது. குழு எடுத்துக்கொள்ளும் விஷயத்துக்கு 'ஆய்வுப் பொருள்' என்றும், அதில் எதுவரை போகும் என்பதற்கு 'ஆய்வு வரம்பு' என்றும் பிரித்து எழுதுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம்.