பெயர் சரி, சாப்பிடலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து மறுபடியும் ஒரு பொட்டலம் ஆய்வகத்துக்கு வந்திருக்கிறது. உள்ளே பழுப்புப் பொடி. ‘கீழாநெல்லிதானா என்று டிஎன்ஏ பார்த்துச் சொல்லுங்கள் ஐயா, சரி என்றால் அம்மாவுக்குக் கொடுத்துவிடுவேன்’ என்று ஒரு குறிப்பு. அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறாம். செடி எது என்பது ஒரு கேள்வி. அதைச் சாப்பிடலாமா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு மட்டுமே என்னிடம் பதில் உண்டு என்று எத்தனை முறைதான் சொல்வது!

செடி எது என்று அடையாளம் காட்டும் டிஎன்ஏ துண்டைப் ‘பார்கோடு’ என்போம். செடிகளுக்கான பார்கோடாக 2009இல் ஆர்பிசிஎல், மேட்கே என்ற இரண்டு மரபணுப் பகுதிகள் பரிந்துரைக்கப்பட்டன. நெருங்கிய உறவுச் செடிகளைப் பிரிக்க ஐடிஎஸ்2 பகுதியையும் சேர்த்துப் பார்க்கிறோம். தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் பெயர் வரும், அவ்வளவுதான். (தரவுத்தளத்திலேயே பெயர் மாறிப் பதிவானவை உண்டு; அது எங்கள் தலைவலி.)

பெயர் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்கக் கொடுத்த மூலிகைக் கலவையில் ஸ்டெபானியா என்ற செடியின் இடத்தில் அரிஸ்டோலோக்கியா என்ற வேறு செடி நுழைந்து, சுமார் 100 பேரின் சிறுநீரகம் பாழானது. பார்கோடு அதைக் காட்டிக்கொடுத்திருக்கும். ஆனால் நம் ஆடுதின்னாப்பாளையும் அரிஸ்டோலோக்கியா பேரினம்தான். அதைக் கொண்டுவந்தால் ‘ஆடுதின்னாப்பாளையேதான்’ என்று அறிக்கை தருவேன். நச்சான அரிஸ்டோலோக்கிக் அமிலமும் உள்ளே அப்படியே இருக்கும். அசல் சரக்கு என்றால் சிறுநீரகம் சலுகை தருமா?

பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் டிஎன்ஏ சோதனையில் தெரியாது. ஈயம் தெரியாது. செம்பனைத் தோட்டத்து நிரைகளுக்கு நடுவே பறித்த கீழாநெல்லியில் போன வாரம் அடித்த களைக்கொல்லியும் தெரியாது. தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த என் மூக்குக்கு அந்த வாடை தெரியும், இயந்திரத்துக்குத் தெரியாது.

கொதிக்கவைத்த கஷாயத்தை அனுப்பாதீர்கள்; டிஎன்ஏ சிதைந்திருக்கும். பல மூலிகை சேர்ந்த சூரணத்தைச் சாதாரண பார்கோடு முறையில் பிரிக்க முடியாது. வேர், பூ, காயோடு முழுச்செடியாகக் கொண்டுவாருங்கள். பல சமயம் சோதனையே வேண்டியிருக்காது. கீழாநெல்லியின் காய் வழவழப்பாகச் சிறு காம்போடு தொங்கும். சிவந்த தண்டுள்ள அதன் உறவுச்செடியில் காய் சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருக்கும். ஒரு பூதக்கண்ணாடி போதும். சாலையோரம் படர்ந்திருப்பதை மஞ்சள் கரிசாலை என்று பறிக்கும் அக்காமார்களே, அது பெரும்பாலும் அழகுக்கு நட்ட வெடேலியா. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கடையில் வாங்கும் டப்பா மருந்தானால் மலேசிய அரசின் மருந்துப் பதிவு எண்ணான எம்ஏஎல் (MAL) எண் இருக்கிறதா, அதன் இலக்கங்களை அடுத்துப் பாரம்பரிய மருந்துக்குரிய ‘டி’ (T) எழுத்து வருகிறதா என்று பாருங்கள். ‘டிஎன்ஏ சோதிக்கப்பட்டது’ என்ற ஒட்டுத்தாளுக்காக ஒரு வெள்ளிகூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு எந்த மூலிகையானாலும் கொடுப்பதற்கு முன்பே மருத்துவரைக் கேளுங்கள். டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். ‘அந்தப் பழுப்புப் பொடி’ என்று மட்டும் சொன்னால் அவர்தான் என்ன செய்வார்?